விலாசதாரர் காலமானார்: கடற்கரையில் துண்டறிக்கை கொடுத்த பௌத்த நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 2004 ஆழிப்பேரலையின் நினைவு நாளான கடந்த டிசம்பர் 26 காலை, கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் நீங்கள் ஐந்தாறு பேர் நின்று, மஞ்சள் தாளில் அச்சடித்த துண்டறிக்கையைக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்து, வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். 36 வருடம் தபால்காரனாகப் பிறர் எழுதியதைப் படிக்காமல் சுமந்து வீடு வீடாகக் கொடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு கைக்கு வருகிற எதையும் படிக்காமல் விடுவதில்லை.

உங்கள் அமைப்பின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் நல்ல பிள்ளைகள். மாலையில் குப்பத்துக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலை நடந்ததைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

துண்டறிக்கை மூன்று விஷயம் சொல்கிறது. ஆன்மா என்று ஒன்று கிடையாது. ஆகவே இறந்தவருக்குக் கடலில் பால் ஊற்றுவதும் எள்ளும் தண்ணீரும் இறைப்பதும் அறியாமை. இறந்தவர்கள் அவரவர் வினைக்கேற்ப எப்போதோ மறுபிறப்பு எடுத்துவிட்டார்கள்.

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் ஒரே மூச்சில் எப்படிப் படிப்பது என்று உங்களில் யாராவது யோசித்தீர்களா? நான் யோசிக்கும் முன்பே அங்கே ஒருத்தி யோசித்துவிட்டாள். அரை லிட்டர் பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தாள். உங்கள் தம்பி ஒருவர் அருகில் போய், "அம்மா, உங்கள் மகன் இங்கே இல்லை. அவருடைய வினைப்படி எங்கேயோ பிறந்திருப்பார். யாருக்கு இந்தப் பால்?" என்று பணிவாகத்தான் கேட்டார். அவள் அழவில்லை. "அப்படியென்றால் வேறு ஒருத்தி அவனுக்குச் சோறு ஊட்டுகிறாளா?" என்று திருப்பிக் கேட்டாள். தம்பிக்குப் பதில் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏன் அண்ணே, பிறக்கிறவன் என்னிடமே வந்திருக்கக் கூடாதா?" என்றாள். எனக்கும் பதில் வரவில்லை. பாலைக் கடலில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணை எனக்கு 2005 ஜனவரி முதல் தெரியும். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன சமயம். ஆழிப்பேரலை வந்தது ஞாயிற்றுக்கிழமை. கரையில் பந்து விளையாடிக்கொண்டிருந்த அவளுடைய ஒன்பது வயது மகனுக்கு, வீராம்பட்டினத்தில் இருந்த அத்தை மகன் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்து அட்டை ஒன்று ஒரு வாரம் கழித்து என் பையில் வந்தது. அதன் தேதி முத்திரை டிசம்பர் 24. வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. இப்படிப்பட்ட கடிதத்தின் மேல் 'விலாசதாரர் காலமானார்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும் என்பது விதி. எழுதினேன். திருப்பவில்லை. அவர்கள் தங்கியிருந்த கல்யாண மண்டபத்தைத் தேடிப் போய் அவள் கையில் கொடுத்தேன். விதிப்படி தவறுதான். அட்டையில் ஒரு ரோஜாப்பூவும் பளபளப்புத் தூளும் இருந்தன. தூள் அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

பிறகு, பிள்ளையை இழந்த தாய்மார்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை நீக்கி மறுபடி கருத்தரிக்க வழி செய்யும் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாகச் செய்ததே, நினைவிருக்கிறதா? இவளும் செய்துகொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. "அவனே திரும்பி வந்துவிட்டான்" என்று குப்பமே சொன்னது. உங்களுக்குப் பிடிக்காத நாட்டு நம்பிக்கைதான், ஆனால் மறுபிறப்புக் கொள்கைக்கு மிக நெருக்கமானது. அவள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "இவள் இவள்தான், அவன் அவன்தான்" என்றாள். அவளுக்குத் தத்துவம் தெரியாது. ஆனால் எந்தத் தத்துவமும் தாண்ட வேண்டிய வாய்க்கால் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

நான் பண்டிதன் அல்லன். அஞ்சல்வழிக் கல்வியில் தமிழ் எம்.ஏ. படித்த தபால்காரன். (சக ஊழியர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.) ஆனால் உங்கள் கட்சியின் பலம் என்ன என்று தெரியாமல் எழுதவில்லை. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் சேர்க்கையே மனிதன், அவற்றுக்கு அப்பால் நிலையான 'நான்' கிடையாது என்பது சாதாரண வாதமில்லை. எங்கள் பக்கத்துச் சைவ சித்தாந்திகள், "என் உடம்பு என்கிறாயே, அப்படிச் சொல்கிற நீ உடம்புக்கு வேறானவன்தானே?" என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். "என் உயிர் என்றும் சொல்கிறோமே, அது யாருடைய உயிர்?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் அவர்கள் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும். இவ்வளவு தூரம் உங்களோடு வருகிறேன்.

அடுத்த அடியில்தான் இடறுகிறது. நிலையான 'நான்' இல்லை என்றால் வினை எப்படி ஒரு பிறவியிலிருந்து இன்னொரு பிறவிக்குப் போகிறது? மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் இதைத்தான் நாகசேனர் என்ற பௌத்தத் துறவியிடம் கேட்டான். இரவு முழுவதும் எரியும் விளக்கை அவர் காட்டினார். முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. அழகான உவமை. ஆனால் சுடருக்கு வலிக்காது. முதல் சாமத்துச் சுடர் செய்த குற்றத்துக்குக் கடைச் சாமத்துச் சுடரை யாரும் தண்டிப்பதில்லை.

நாகசேனர் இன்னொன்றும் சொன்னார். ஒருவன் மாம்பழம் திருடினான். பிடிபட்டதும், "இவர் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு" என்று வாதாடினால் விட்டுவிடுவார்களா? விடமாட்டார்கள். அந்தக் கொட்டையிலிருந்து வந்ததுதானே இந்தப் பழம்! சரி. ஆனால் கூர்ந்து பாருங்கள். இந்தக் கதையில் மாறியது மாங்காய். திருடன் மாறவில்லை, தோட்டக்காரனும் மாறவில்லை. வழக்கு நிற்பதே அதனால்தான். திருடனே மாறிவிட்டால் யாரைப் பிடிப்பீர்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு மாங்காயைப் பதிலாகக் கொடுத்திருக்கிறார் நாகசேனர்.

என் தொழிலில் ஓர் உதாரணம் உண்டு. தபால்தலை ஒட்டாத கடிதம் வந்தால், வாங்குகிறவரிடம் இரட்டிப்புக் கட்டணம் வசூலிப்போம். யாரோ அனுப்பிய கடிதத்துக்கு இவர் காசு கொடுக்கிறார். அநியாயமாகத் தோன்றும். ஆனால் அவருக்கு ஓர் உரிமை இருக்கிறது. "எனக்கு வேண்டாம், திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிடலாம். எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கணக்கில் பிறக்கிற குழந்தைக்கு அந்த உரிமை கிடையாது. அதற்கு முன்பின் தெரியாத, அதுவே அல்லாத ஒருவருடைய கடிதம், கட்டணம் மட்டும் இதன் தலையில்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. செய்தவன் ஒருவன், நுகர்கிறவன் இன்னொருவனா என்று நம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் கேட்டிருக்கிறார். பண்ருட்டி பக்கம் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார், 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் நூலின் பரபக்கத்தில் (பிற சமயங்களை மறுக்கும் பகுதியில்) பௌத்தத்தின் நான்கு பிரிவுகளையும் தனித்தனியே எடுத்து மறுத்தார். எதிரியின் கட்சியை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார், அதற்காகவே அவரைப் பிடிக்கும். சிதம்பரத்தில் மாணிக்கவாசகர் ஈழத்துப் பௌத்தர்களை ஊமையாக்கி வென்றதாகச் சொல்லும் கதை எனக்கு அவ்வளவு உவப்பில்லை. வாயை அடைத்து ஜெயிப்பது என்ன ஜெயம்?

இந்த இடறலைப் பௌத்தர்களே உணராமல் இல்லை. கந்தங்களோடு ஒன்றும் ஆகாமல் வேறும் ஆகாமல் 'புத்கலம்' என்று ஓர் ஆள் உண்டு என்று சொன்ன பௌத்தப் பிரிவே இருந்தது. மற்றப் பிரிவுகள் அவர்களைக் கடுமையாகச் சாடின. 7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இந்தியா வந்தபோதும் அந்தப் பிரிவைச் சேர்ந்த துறவிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆள் இல்லாமல் வினைக்கணக்கு எழுத முடியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நம் மணிமேகலைக்கே வருவோம். உங்கள் துண்டறிக்கையின் தலைப்பில் அவள் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்குகிறான். நாகர் தலைவன், "உடம்பை விட்டு உயிர் போய் வேறு இடம் புகும் என்கிறாயே, எப்படி?" என்று கேட்கிறான். சாதுவன் சொல்லும் பதில் என்ன? உயிருள்ள உடம்பு வலியை உணர்கிறது. உயிர் நீங்கிய உடம்பை வெட்டினாலும் எரித்தாலும் அது உணர்வதில்லை. ஆகவே உடம்பிலிருந்து போனது ஒன்று உண்டு. போனவருக்குப் புக்கில் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 'புக்கில்' என்றால் புகுந்து தங்கும் வீடு. உடம்பில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிற உயிருக்கு இன்னும் நிரந்தரமான புக்கில் அமையவில்லையோ என்று வள்ளுவர் கேள்வியாக வைத்த அதே சொல். பௌத்தக் காப்பியத்தில், பௌத்தத்தை ஏற்ற ஒருவன், போனது ஒன்று உண்டு என்கிறான். அது ஆன்மா இல்லை என்னும் அநாத்மவாதமா?

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். அது உலக வழக்கில் சொன்னது, பரமார்த்தத்தில், அதாவது முடிவான உண்மையில், அப்படியில்லை, நாகர்களுக்குப் புரியும்படி இறங்கி வந்து பேசினான். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் ஆளை அடித்துத் தின்னும் நாகர் தலைவனுக்குச் சாதுவன் கொடுத்த சலுகையை, பால் பாக்கெட்டோடு வந்த தேவனாம்பட்டினத்துத் தாய்க்கு நீங்கள் ஏன் கொடுக்கவில்லை?

அந்தப் பால் விஷயத்தையும் பேசிவிடலாம். என் சம்பந்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தாயகம் திரும்பியவர். அங்கே சிங்கள பௌத்தர் வீட்டுச் சாவில் தான் பார்த்ததை அடிக்கடி சொல்வார். பிக்குகள் முன்னால் ஒரு கிண்ணம் வைத்து, குடும்பத்தார் எல்லோரும் சேர்ந்து ஒரு கெண்டியைப் பிடித்து அதில் தண்ணீர் ஊற்றுவார்கள். நிரம்பி வழிய வேண்டும். ஆற்று நீர் கடலை நிறைப்பதுபோல இங்கே கொடுப்பது இறந்தவரைச் சேரட்டும் என்று பிக்குகள் ஓதுவார்கள். ஏழாம் நாள் தானம், மூன்றாம் மாதம் தானம். நம் வீட்டுக் காரியத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் ஒரு கெண்டித் தண்ணீர். உங்கள் சமயம் வாழ்கிற நாட்டில் பிக்கு முன்னால் ஊற்றினால் புண்ணியம், வெள்ளிக் கடற்கரையில் ஊற்றினால் அறியாமையா? அவரவர் வினை அவரவருக்கே என்றால், அந்தப் புண்ணியம் மட்டும் எப்படி ஆள் மாறிச் சேர்கிறது?

மற்றச் சமயங்களிலும் ஓட்டை உண்டு. சில வருடம் புதுச்சேரியில் வேலை பார்த்தபோது, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் உப்பளம் கல்லறைக்குப் போயிருக்கிறேன். சிமெண்டுக் கல்லறைகளைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். உயிர்த்தெழுதல் எப்போது, அதுவரை உயிர் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் வரும். என்னோடு கடிதம் பிரித்த பரங்கிப்பேட்டைக்காரர், கபரில் (புதைகுழியில்) வைத்ததும் முன்கர், நக்கீர் என்று இரண்டு வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்கள் என்பார். குழந்தைகளுக்குக் கேள்வி கணக்கு இல்லை, நேரே சொர்க்கம் என்றும் சொல்வார். நிரூபிக்க முடியுமா? முடியாது. ஆனால் மெழுகுவர்த்தி யாருக்கு, கேள்வி யாரிடம் என்பதில் குழப்பம் இல்லை. செத்தவர் அங்கே அதே ஆள்தான். விலாசம் மாறியிருக்கிறது, பெயர் மாறவில்லை. சைவத்திலும் சமணத்திலும் ஆன்மா உண்டு. ஆனால் "போன பிறவிப் பாவம்" என்று எரிகிற வீட்டில் எண்ணெய் வார்க்கிறவர்கள் இங்கேயும் நிறைய. அந்தக் குற்றத்தில் உங்களுக்கு மட்டும் தனிப் பங்கு இல்லை.

சடங்கே வேண்டாம் என்று சொன்னவர் நம் மாவட்டத்திலேயே இருந்தார். கருமாதி, திதி வேண்டாம், எரிக்காமல் புதையுங்கள், இருப்பவர்களுக்குச் சோறு போடுங்கள் என்றார் வள்ளலார். ஆனால் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பவில்லை. 1867-இல் வடலூரில் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. இறந்தவர் மீண்டு எழுவார் என்றும் சொன்னார். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு.

அம்பேத்கரின் பெயரும் துண்டறிக்கையில் இருக்கிறது. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் ஏற்ற 22 உறுதிமொழிகளில் சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் கொடுக்கமாட்டேன் என்பது ஒன்று. சரியாகத்தான் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். ஆனால் அவர் பிண்டத்தை விட்டபோது, ஒருவன் இப்பிறவியில் படும் பாட்டுக்குப் போன பிறவி வினையே காரணம் என்பதையும் சேர்த்துத்தான் விட்டார். அந்தக் கணக்கை வைத்துத்தான் சேரியைச் சேரியாக வைத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் பிண்டத்தை மட்டும் விட்டீர்கள், வினையை வைத்துக்கொண்டீர்கள். இது யாருடைய பௌத்தம்?

புத்தரும் உங்கள் துண்டறிக்கையில் கையெழுத்துப் போட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். சீவகன் என்ற துறவி, மனிதன் படுவதெல்லாம் முன்வினைதானா என்று கேட்டபோது, இல்லை என்றார். பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் என்று எட்டுக் காரணம் அடுக்கினார். வினை அந்த எட்டில் ஒன்று. சுமத்திரா அருகே கடலடித் தட்டு நகர்ந்ததற்குக் காரணம் ஒன்பது வயதுப் பையனின் வினை என்று அவர் சொல்லியிருக்கமாட்டார். அம்பு தைத்தவனிடம், எய்தவன் யார் என்று விசாரிக்காதே, முதலில் அம்பைப் பிடுங்கு என்றார். நீங்கள் அம்பை விட்டுவிட்டு, எய்தவன் உன் மகன்தான் என்று போய்ச் சொல்லியிருக்கிறீர்கள். செத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த கிசாகோதமியிடமும், உன் மகன் வேறெங்கோ பிறந்துவிட்டான் என்று சொல்லவில்லையே அவர். சாவே நடக்காத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கிவா என்று அனுப்பினார். அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். கேட்காமல் விட்ட வீடே இல்லை. தபால்காரனுக்கு அந்த நடை புரியும்.

ததாகதர், அதாவது புத்த நிலை அடைந்தவர், இறந்த பிறகு இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லாமலே இருந்தார். அந்த மௌனத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் வாய் திறக்காத இடத்தில் நீங்கள் மஞ்சள் தாளில் அச்சடித்துக் கொடுத்ததுதான் என் மனத்தாங்கல்.

திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்று ஊர் இருக்கிறது, தெரியுமல்லவா? கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறிய இடம் என்பார்கள். அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி எத்தனையோ நாள் மிதிவண்டியில் போயிருக்கிறேன். 2005-க்குப் பிறகு அந்தப் பெயரைப் படிக்காமல் தாண்டப் பழகிக்கொண்டேன். அந்தத் தாயைக் கேட்டால், கடல் ஒருவரைக் கரையேற்றும் என்றும் நம்புவாள், ஏற்றாது என்றும் நம்புவாள். இரண்டும் அவளுக்குத் தெரிந்த கடல்தான்.

வரும் டிசம்பர் 26 அன்றும் நீங்கள் வரலாம், உங்களைத் தடுக்க நான் யார்? துண்டறிக்கையின் மூன்றாவது வரியை மட்டும் எடுத்துவிட்டு அச்சடியுங்கள். எடுக்க மனமில்லை என்றால், வேறு ஒருத்தி அவனுக்குச் சோறு ஊட்டுகிறாளா என்று கேட்டாளே, அதற்குப் பதிலை யோசித்துக்கொண்டு வாருங்கள். அவள் எட்டரை மணி வாக்கில் வருவாள். நினைவுத் தூணுக்கு வடக்கே, முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பாள். இந்தத் தடவை மகளும் கூட வருகிறாளாம். கல்லூரியில் படிக்கிறவள், அவளும் கேள்வி கேட்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
கடலூர் முதுநகர்.